மேலே நிற்பவர் கையில்

ஒரு நாட்டுச் செங்கல் ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். தண்ணீரில் ஊறிய கல் என்றால் இன்னும் கூடும். மூன்று மாடி உயரத்திலிருந்து, அதாவது 10 மீட்டர் மேலிருந்து நழுவினால், அது தரையைத் தொட ஒன்றரை நொடிகூட ஆகாது. தொடும்போது அதன் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். மேலே இருப்பவர் பதறி, "ஏய், தள்ளு!" என்று கத்தி, கீழே இருப்பவர் அதைக் கேட்டு, நமக்குத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு காலை எடுத்து வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கட்டட வேலையிலேயே வயதைக் கழித்தவன் நான். திருச்சியில் ஓவர்சியராகச் சேர்ந்து, மதுரை, சென்னை என்று காண்டிராக்டர்களிடம் வேலை பார்த்து, முழங்கால் ஒத்துழைக்காத வயதில் ஓய்வு பெற்றேன். இவ்வளவு காலம் பார்த்ததில் இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு என்றால், அது இந்த ஒன்றரை நொடியைப் பற்றியதுதான். நம் கட்டட வேலைகளில் ஜாக்கிரதையாக இருக்கும் பொறுப்பு முழுவதையும் கீழே இருப்பவர்மேல் போட்டுவிட்டோம். "பாத்துப் போம்மா", "மேல ஒரு கண்ணு வச்சுக்க" என்று போகிற வருகிற எல்லோரும் சொல்கிறோம். சொன்னதோடு நம் கடமை தீர்ந்ததாக நினைக்கிறோம். ஆனால் அந்த ஒன்றரை நொடியில் கீழே இருப்பவரால் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. செய்யக்கூடியதெல்லாம் மேலே நிற்பவர் கையில் இருக்கிறது. அவருக்கும் மேலே, வேலையை எடுத்த காண்டிராக்டர் கையில் இருக்கிறது. அவருக்கும் மேலே, பணம் போட்டு வீடு கட்டுகிறவர் கையில் இருக்கிறது.

கீழே இருப்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் சித்தாள். கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து, கட்டுகிற இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கும் பெண். தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. நிறைந்த சட்டியைச் சுமந்து நடப்பவரால் நிமிர்ந்து மேலே பார்க்க முடியாது. பார்த்தால் சட்டி சாயும், கலவை கண்ணில் வழியும். கழுத்தை அசைக்காமல், கண்ணைத் தரையில் வைத்து, ஆணியும் கம்பித் துண்டும் காலில் ஏறாமல் அடியெடுத்து வைக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் போய் மேலே பார்த்து வரச் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஹெல்மெட்டும் அவருக்குக் கிடையாது. சும்மாடு வைத்த தலையில் ஹெல்மெட் நிற்காது. இன்ஜினீயருக்கு உண்டு, மேஸ்திரிக்கு உண்டு, வாரம் ஒருமுறை வேலையைப் பார்க்க வரும் வீட்டுக்காரருக்கும் ஒன்று எடுத்து நீட்டுவார்கள். காலையிலிருந்து மாலை வரை சாரத்துக்கு அடியிலேயே நடந்துகொண்டிருப்பவருக்கு மட்டும் இல்லை. அந்தத் தலையைச் சுமைக்கென்று ஒதுக்கிவிட்டோம். இதைவிடப் பெரிய அநியாயம் இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்து கிடையாது. பெரிய கம்பெனிகள் வேலை செய்யும் இடங்களில் சுமை தூக்கும் விஞ்ச் எந்திரமும் கான்கிரீட் பம்ப்பும் வந்து இது குறைந்திருக்கிறது. சின்ன வீடு கட்டும் இடங்களில் இன்றும் அப்படியேதான்.

விஞ்ச் எந்திரமும் தள்ளுவண்டியும் வந்தால் சித்தாளுக்கு வேலை போய்விடும் என்பார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதற்கு வழி, அவர்களைச் சட்டி சுமக்க வைத்துக்கொண்டே இருப்பது அல்ல. பத்து வருடம் கலவை கொடுத்த பெண்ணுக்குக் கொத்தனார் செய்வது ஒவ்வொன்றும் அத்துப்படி. கரண்டியைக் கையில் கொடுத்தால் பூச்சு வேலையைப் பதமாகச் செய்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆண், கொத்தனாருக்கு உதவும் நிமிந்தாளாக வந்து சில வருடத்தில் கொத்தனாராகிறான். பெண் சித்தாளாக வந்து சித்தாளாகவே ஓய்ந்துபோகிறாள். கரண்டி பிடித்திருந்தால் அவளும் சாரத்தின் மேலே நின்றிருப்பாள்.

பொருள் எப்படி விழுகிறது என்று கேட்டால் வெளியாட்கள் சாரம் முறிவதையும் கிரேன் கயிறு அறுவதையும்தான் நினைப்பார்கள். நாள்தோறும் நடப்பது அதைவிடச் சின்னது. சாயங்காலம் தளத்தைக் கூட்டுவார்கள். பகலெல்லாம் உடைத்த செங்கல் துண்டு, காய்ந்த கலவைக் கட்டி, வெட்டிய கம்பி நுனி எல்லாவற்றையும் துடைப்பத்தால் ஒரே தள்ளாக விளிம்புக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். அப்போது கீழே கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுகிறவர்கள் நிற்பார்கள். சனிக்கிழமை என்றால் சம்பளத்துக்காகக் கூடுதலாகவே நிற்பார்கள். அந்த ரப்பிஷை ஒரு சாக்கில் அள்ளிக் கயிற்றில் இறக்கக் கால் மணி நேரம் ஆகும். பழைய டிரம்களின் அடியை வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி மாடியிலிருந்து தரைவரை இறக்கிவிட்டால் அந்தக் கால் மணியும் மிச்சம். அதற்குள் கொட்டுவது வெளியே சிதறாது.

கான்கிரீட் தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங்கைப் பிரிக்கும் நாள் இன்னும் மோசம். தளம் போடும் நாளில் எல்லோருக்கும் ஒரு பயபக்தி இருக்கும். பூசை நடக்கும், கறிச்சோறு போடுவார்கள், இன்ஜினீயர் பக்கத்திலேயே நிற்பார். முட்டுகளைத் தட்டி, ஷீட்டைப் பிரித்து இறக்கும் நாளில் யாரும் இருக்க மாட்டார்கள். வாடகை ஏறுகிறது, ஷீட்டை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருக்கும். இரும்பு ஷீட்டைக் கையால் இறக்காமல் மேலிருந்தே கீழே போடுவார்கள். அது நேராக விழாது, காற்றில் சாய்ந்து பக்கவாட்டில் போகும். ரீப்பர் கட்டை சாரத்தில் ஒரு தட்டுத் தட்டி, யாரும் நினைக்காத இடத்தில் போய் விழும். "நேர் கீழே ஆள் இல்லையே" என்று பார்த்துப் போட்டேன் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. விழும் இடத்தைவிட விரிவாக, சுற்றிலும் கயிறு கட்டி ஆள் நுழையாமல் தடுக்க வேண்டும். ஒருவர் விசிலோடு கீழே நின்று, அவர் சொன்ன பிறகுதான் மேலே கை வைக்க வேண்டும்.

செங்கல்லை எறிந்து ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஒருவர், நடுச் சாரத்தில் ஒருவர், மேலே ஒருவர். இரண்டிரண்டு கல்லாகத் தூக்கி எறிய, மேலே இருப்பவர் அலட்டிக்கொள்ளாமல் பிடித்து அடுக்குவார். பழகிய கைகளுக்கு அது அழகான வேலை, நின்று பார்க்கத் தோன்றும். ஆனால் கட்டுவதற்கு முன் கல்லை நனைப்போம். நனைத்த கல் வழுக்கும், எடையும் கூடும். ஒருவர் பேச்சுக் கொடுத்தால் போதும், செல்போன் மணி அடித்தால் போதும், தாளம் தப்பும். கப்பியும் கயிறும் ஒரு வாளியும் இருந்தால் இந்த எறிதலே வேண்டாம்.

மத்தியானம் சாப்பிட உட்காரும் இடத்தையும் பார்க்க வேண்டும். வெயிலில் வேலை செய்தவர்கள் நிழல் தேடிப் போவார்கள். புதிதாகக் கட்டும் இடத்தில் மரம் இருக்காது. இருக்கும் ஒரே நிழல் அந்தக் கட்டடத்தின் நிழல்தான். சாரத்துக்கு நேர் அடியில் வரிசையாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் அங்கேதான் தூளியும் கட்டுவார்கள். 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஐந்து பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தை மணல் குவியலில்தான் விளையாடும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும், 10 லட்சம் ரூபாய்க்குள் ஒருவர் தனக்கென்று கட்டும் வீட்டையும் அந்தச் சட்டம் தொடவே இல்லை. நம் ஊர்த் தெருக்களில் எழும்பும் வீடுகளில் பலவற்றில் ஒரே நேரத்தில் பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். ஆகவே அங்கே சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஒரு தார்ப்பாயை நாலு கம்பில் கட்டி, கட்டடத்தை விட்டுத் தள்ளி ஒரு நிழல் போட்டுக் கொடுங்கள். தூளியும் அங்கே போகும்.

ஆடி மாதத்தில் காற்றுக்கும் பயப்பட வேண்டும். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி தொடங்கியே பிடித்துக்கொள்ளும். மொட்டைத் தளத்தில் கட்டாமல் விட்ட பிளைவுட் பலகை, தகரம், காலி சிமென்ட் மூட்டைமேல் வைத்த கட்டை எல்லாம் இரவில் பறக்கும். காலையில் முதலில் மேலே ஏறுகிறவர் அவற்றைப் பார்த்த பிறகே மற்றவர்கள் கீழே வேலையைத் தொடங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒரு வயதான மேஸ்திரி வைத்திருந்தார். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் அந்த வழக்கத்தைத் தங்கள் வேலைகளுக்கும் கொண்டுபோனார்கள். அவர் நிற்கும் சாரத்தில் நடைபலகையின் வெளி ஓரத்தில் அரையடி உயரத்துக்கு ஒரு பலகை செங்குத்தாகக் கட்டியிருக்கும். கால் பட்டு உருளும் கல் அதில் முட்டி நின்றுவிடும். இவ்வளவு சின்னச் செலவில் இத்தனை தலைகளைக் காக்கும் பொருள் வேறு எதையும் நான் அறியேன்.

ஹெல்மெட்டைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது கட்டாயம் வேண்டும். ஆனால் அது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். தொழிலாளர் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தர விதி, 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் போட்டுச் சோதிக்கச் சொல்கிறது. எடையை உயரத்தால் பெருக்கினால் 5 வருகிறது. 3 கிலோ செங்கல் 10 மீட்டரிலிருந்து விழுந்தால் அதே கணக்கில் 30. ஆறு மடங்கு. 200 கிராம் போல்ட் ஒன்று 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே 6 வருகிறது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியும் ஒரு இரும்புத் துண்டு, சோதனை அளவைத் தாண்டிவிடுகிறது. சின்னப் பொருளுக்கும் சாய்வாகப் படும் அடிக்கும் ஹெல்மெட் உயிர் காக்கும். நேராக வரும் முழுச் செங்கல்லுக்கு அது போதாது. அதோடு, ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் பட்டைதான் ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி கொடுத்து அடியின் விசையைப் பரப்புகிறது. உறுத்துகிறது என்று அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டை மடித்துத் திணித்துக்கொள்கிறவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் போட்டும் பயனில்லை. தாடைப்பட்டையை மாட்டாவிட்டால், குனிந்த உடனே அது கழன்று அடுத்தவர் தலையில் போய் விழும்.

இந்தத் தலைக்கவசத்தின் வரலாற்றில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே 1931-இல் ஹூவர் அணை வேலை தொடங்கியது. பள்ளத்தாக்கின் செங்குத்தான பாறைச் சுவரில் கயிற்றில் தொங்கியபடி, தளர்ந்த பாறைகளை உடைத்துத் தள்ளும் வேலைக்கு நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். மேலே தொங்குகிறவர் உடைத்த கல்தான் கீழே தொங்குகிறவருக்கு எமன். அங்கிருந்த தொழிலாளர்கள் தங்கள் துணித் தொப்பிகளைத் தாரில் முக்கிக் காயவைத்து, கெட்டியான பிறகு போட்டுக்கொண்டார்கள். கல் விழுந்து தாடை உடைந்தவர்களுக்குக்கூட மண்டை உடையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் கம்பெனி ஆயிரக்கணக்கில் கெட்டித் தொப்பிகளை வாங்கியது. வழியைக் கண்டுபிடித்தவர் அடிபடும் இடத்தில் நின்றவர். தளத்தில் எங்கே, எப்போது, எது விழும் என்று அறிய விரும்பும் இளம் இன்ஜினீயர் முதலில் சித்தாளிடம் கேட்க வேண்டும். அவருக்குத் தெரியும்.

1933-இல் வேலை தொடங்கிய சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். பாலத்துக்கு அடியில் நீளமாக வலையும் கட்டினார். அந்த வலை 19 பேரைத் தாங்கிப் பிடித்தது. ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று ஒரு சாரமே பிய்ந்து விழுந்தபோது, அதன் எடை வலையைக் கிழித்துக்கொண்டு போனது, 10 பேர் இறந்தார்கள். கவசமும் வலையும் கடைசிக் காவல்தான். பொருள் விழாமல் பார்த்துக்கொள்வதே முதல் காவல். நம் ஊரில் கட்டடத்தைச் சுற்றிக் கட்டும் பச்சைத் துணியைப் பலர் பாதுகாப்பு வலை என்று நம்புகிறார்கள். அது தூசியை மறைக்கும், நாற்றங்காலுக்கு நிழல் கொடுக்கும். கல்லைப் பிடிக்காது.

மதுரையில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் மாடியிலிருந்து விழுந்த ரீப்பர் கட்டை ஒரு கொத்தனாரின் தலையில் பட்டது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், முகம் கழுவினார். யாரோ ஓடிப்போய் சோடா வாங்கி வந்தார்கள். குடித்துவிட்டு, "ஒண்ணுமில்லண்ணே, லேசா வீங்கியிருக்கு" என்று சொல்லி மறுபடி வேலையைப் பார்த்தாராம். ரத்தம் வரவில்லை என்பதால் எல்லோருக்கும் நிம்மதி. வீட்டுக்குப் போய்த் தலைவலி என்றிருக்கிறார், வாந்தி எடுத்திருக்கிறார். வெயிலில் நின்ற பித்தம் என்று நினைத்து மோர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். காலையில் எழுந்திருக்கவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தவர்கள் சொல்லித்தான் எனக்கு விவரமே தெரியும்.

பிறகு மருத்துவர் ஒருவர் எனக்கு இதை விளக்கினார். தலையில் அடிபடும்போது மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தக்குழாய் அறுந்து, உள்ளேயே ரத்தம் கசிந்து சேரலாம். சேரச் சேர மூளையை அழுத்தும். அது முற்றும்வரை சில மணி நேரம் ஆள் தெளிவாகப் பேசுவார், நடப்பார், சிரிப்பார். அந்தத் தெளிவுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நேரத்தோடு அறுவை செய்தால் இவர்களில் பலர் பிழைத்துவிடுவார்கள். ஆகவே தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், குழறும் பேச்சு, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் விரிவது, காதிலோ மூக்கிலோ நீர் போல வடிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. தலையில் விழுந்த அடி கழுத்தையும் உடைத்திருக்கலாம் என்பதால், ஆளைக் கையைக் காலைப் பிடித்து ஆட்டோவில் திணிக்காமல் 108 ஆம்புலன்சுக்குச் சொல்லி, அசைக்காமல் வைத்திருப்பது நல்லது.

அந்தச் சாவு வீட்டில் எல்லோரும் சொன்னது, "அவன் நேரம்." விதி என்று சொல்லும்போது துக்கம் கொஞ்சம் தாங்கக்கூடியதாகிறது என்பது எனக்குப் புரிகிறது. அந்த வீட்டுப் பெண்கள் அப்படிச் சொல்லி அழுததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காண்டிராக்டரும் அதையே சொன்னார், வீட்டுச் சொந்தக்காரரும் சொன்னார். அவர்கள் சொல்லக் கூடாது. கட்டிவைக்காத கட்டை காற்றுக்கு விழுவதில் விதி ஒன்றும் இல்லை. ஒருவர் கட்டாமல் விட்டார், அதை ஒருவர் பார்க்காமல் விட்டார், கட்டுவதற்குக் கயிறு வாங்க ஒருவர் காசு கொடுக்காமல் விட்டார்.

ஈமச் செலவுக்கு ஒரு தொகையைக் கொடுத்து, எழுதிய தாளில் அந்த மனைவியின் கைநாட்டை வாங்கிக்கொண்டார்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருந்தது. இப்படிப் பல வீடுகளில் நடக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வேலையில் நேர்ந்த சாவுக்கும் காயத்துக்கும் இழப்பீடு தர வேண்டும் என்பது இந்த நாட்டில் 1923-ஆம் ஆண்டிலிருந்து சட்டம். முதலாளி தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையின்போது வேலையால் நேர்ந்தது என்பதே போதும். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கொள்கை தொடர்கிறது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய தாள் செல்லாது என்று அந்த 1923 சட்டம் சொன்னது. சாவு நேர்ந்தால் இழப்பீட்டை ஆணையரிடம் கட்ட வேண்டும், வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ள முடியாது என்றும் அது சொன்னது. தொழிலாளர் நலத்தில் தமிழ்நாடு முன்னோடிகளில் ஒன்று. 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் இங்கே வந்தன. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் சட்டம் அதற்குப் பிறகுதான். வாரிய அட்டை இல்லாத தொழிலாளி உங்கள் வேலையில் இருந்தால், பதிவு செய்ய ஒரு நாள் கூலியோடு அனுப்பி வையுங்கள். அந்த அட்டை விபத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. விழும் பொருளைப் போலவே தெறிக்கும் பொருளும் ஆளை முடக்கும். சுவரைக் கொத்துபவர், டைல்ஸ் அறுப்பவர், கம்பி வெட்டுபவர் யாரும் கண்ணாடி போடுவதில்லை. உளியின் தலை அடிவாங்கி அடிவாங்கிப் பூப்போல விரிந்திருக்கும், அடுத்த அடியில் அதன் ஓரம் சில்லாகப் பெயர்ந்து பறக்கும். அந்த விளிம்பை அவ்வப்போது தேய்த்து எடுத்துவிட வேண்டும். கண்ணுக்குள் சிமென்டோ சுண்ணாம்போ பட்டால் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும். இரும்போ கல்லோ குத்தியிருந்தால் கசக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது, சேலை நுனியால் எடுக்கப் பார்க்கக் கூடாது. ஒரு காகிதக் கோப்பையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது தளங்களில் நிறையப் பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத் தம்பிகள். மேலிருந்து "கல்லு வருது" என்று தமிழில் கத்தினால், கீழே இருப்பவர் என்ன என்று கேட்க நிமிர்ந்து பார்ப்பார். முகத்திலேயே விழும். அவர்கள் மொழியில் நாலு சொல் நாம் கற்றுக்கொள்ள வேண்டும், நம் மொழியில் நாலு சொல் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விட விசில் நல்லது, அதற்கு மொழி வேண்டாம். தூரத்து ஊரிலிருந்து வந்தவர் அடிபட்டால் கூட இருந்து பார்க்க அம்மா இல்லை, அண்ணன் இல்லை. நாம்தான் இருக்கிறோம்.

2014 ஜூன் மாதம் சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது நாடே பேசியது. 2017-இல் தியாகராய நகரில் தீப்பிடித்த பெரிய ஜவுளிக்கடைக் கட்டடத்தை இடித்தபோது, எந்திரத்தை இயக்கியவர் இடிபாடு விழுந்து இறந்தார். 2025 ஜூன் மாதம் சென்னையில் மெட்ரோ பாலத்தின் கர்டர்கள் விழுந்து, இருசக்கர வாகனத்தில் அந்த வழியே போன ஒருவர் உயிரிழந்தார். அவருக்கும் அந்த வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவை செய்தியாயின. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டித் தள்ளிய அரைக்கல் பட்டுத் தோள் ஒடிந்த சித்தாள் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. கை தூக்க முடியாமல் ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களை யாரும் கணக்கெடுப்பதும் இல்லை.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொத்தனாரோடு சதுரடிக் கணக்கு பேசும்போது, விளிம்புப் பலகை, வலை, கப்பி, ரப்பிஷ் இறக்கும் குழாய், எல்லோருக்கும் ஹெல்மெட், நிழல் பந்தல் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு தொகை எழுதுங்கள். சதுரடி விலைக்குள் அதை அடக்கினால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். வேலை நடக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் சொல்லாமல் போய், மேலே பார்க்காமல் கீழே நில்லுங்கள். சித்தாள் நிற்கும் இடத்தில், அவர் போல ஹெல்மெட் இல்லாமல் நிற்க உங்களுக்குப் பயமாக இருந்தால், அன்றைக்கே வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பலகையைக் கட்டச் சொல்லுங்கள்.